கடுகுக்கு வந்த காவல்

மார்கழி, தை மாதங்களில் மதுரா, பரத்பூர் மார்க்கமாக ரயிலில் போகிறவர்கள் மஞ்சள் விரித்தாற்போன்ற கடுகு வயல்களைப் பார்த்திருப்பார்கள். நமக்குத் தாளிக்க ஒரு சிட்டிகை போதும். இங்கோ சமையல் எண்ணெயே அதுதான். முட்டைக்கோஸும் முள்ளங்கியும் அதற்குப் பங்காளிகள்.

இந்தப் பயிருக்குப் பெரிய பகை வெள்ளைத் துரு நோய். குளிரோடு ஈரமும் சேர்ந்தால் இலையடியில் வெண்கொப்புளங்கள் கிளம்பும். பூந்தண்டு தடித்து முறுக்கிக்கொள்ளும். அதில் விதை பிடிக்காது. விவசாயி கையைப் பிசைய வேண்டியதுதான்.

பேர்பெற்ற நமது 'வருணா' ரகமும் இதற்குத் தப்பவில்லை. ஆனால் கிழக்கு ஐரோப்பியக் கடுகான 'டோன்ஸ்கஜா-4' நோயைத் தாங்கி நின்றது. அதன் ரகசியம் ஒரே ஒரு ஜீன் என்று தில்லிப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் கண்டறிந்து 2019-இல் வெளியிட்டார்கள். வாசல் காவல்காரன் மாதிரி அது கிருமியை அடையாளம் கண்டு செடியை உஷார்ப்படுத்துகிறது. அதை வருணாவுக்குள் செலுத்தியதும் வருணாவுக்கும் எதிர்ப்புச் சக்தி வந்துவிட்டது.

ஆனால் ஒற்றைக் காவலை எத்தனை நாள் நம்புவது? கிருமியும் மாறிக்கொண்டே இருக்கிறதே! கனடாவில் கடுகின் உறவான கனோலாப் பயிரில் வேர் வீங்கும் நோய் 2003-இல் தென்பட்டது. 2009-இல் எதிர்ப்பு ரகம் வந்தது. 2013-லேயே அதை மீறும் கிருமி வயலில் இருந்தது. அதனால்தான் இரண்டு மூன்று ஜீன்களை ஒரே ரகத்தில் சேர்க்க விஞ்ஞானிகள் முயல்கிறார்கள்.