விருந்தாளிகள் நிரப்பும் நாற்காலிகள்

மும்பையின் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவுக்கு அரங்கு இருக்கிறது, ரசிகர்கள் இருக்கிறார்கள். போதாமல் இருப்பது இந்தியக் கலைஞர்கள்தான்.

மும்பை நரிமன் பாயின்ட்டின் கடலோர முனையில் இருக்கிறது தேசிய நிகழ்கலை மையம். சீஸன் நாட்களில் அதன் ஜாம்ஷெட் பாபா அரங்கில் 1,109 இருக்கைகளை நோக்கிப் பட்டுப் புடவைகளும் கோட்டுகளும் நகரும். மேடையில் ஓபோ ஒற்றை ஸ்வரத்தை நீளமாக இழுக்கும். தம்புராவோடு சுருதி சேர்ப்பது போல மற்ற வாத்தியங்கள் அதோடு சேர்ந்துகொள்ளும். நடத்துனர் வந்து கோலை உயர்த்தியதும் இருமல் சத்தம்கூட அடங்கிவிடும்.

வாசிப்பது சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா. ஆனால் பெயரில் உள்ள இந்தியாவை மேடையில் தேடித்தான் பார்க்க வேண்டும். வருஷம் முழுக்க மும்பையில் தங்கி வாசிக்கும் சிறு குழு ஒன்று உண்டு. மற்றவர்களில் பெரும்பாலோர் கஜகஸ்தானிலிருந்தும் ஐரோப்பிய நாடுகளிலிருந்தும் சீஸனுக்காக விமானத்தில் வந்து இறங்குபவர்கள். சில நாள் ஒத்திகை, சில கச்சேரிகள், பிறகு மறுபடி விமானம்.

இந்த ஏற்பாட்டின் தொடக்கம் லண்டனில். கஜகஸ்தான் வயலின் கலைஞர் மராட் பிசென்கலியேவின் வாசிப்பை அங்கே கேட்டார் மையத்தின் குஷ்ரு சன்டூக். இருவரும் சேர்ந்து 2006ல் ஆர்கெஸ்ட்ராவைத் தொடங்கினார்கள். சிம்பொனிக்கு ஏற்ற அரங்கு அதற்கு முன்பே தயாராக இருந்தது. கட்டி முடிக்கும் தறுவாயில் 1997ல் தீக்கிரையான அந்த அரங்கை, எண்பதைத் தாண்டிய ஜாம்ஷெட் பாபா விடாப்பிடியாக மறுபடி கட்டி 1999ல் திறக்க வைத்தார்.

பம்பாய்க்கு சிம்பொனி புதிதல்ல. 1935லேயே மெஹ்லி மேத்தா பம்பாய் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவை உருவாக்கினார். கோவாக்காரர்கள், பார்சிகள், கடற்படை பேண்டு வாத்தியக்காரர்கள் என்று கிடைத்தவர்களைச் சேர்த்து நடத்திய குழு அது. மகன் ஜூபின் 16 வயதில் அதன் ஒத்திகைகளை நடத்திப் பழகினார். 1954ல் படிப்பதற்காக வியன்னா போனார். அடுத்த ஆண்டு தந்தையும் இங்கிலாந்தின் ஹாலே ஆர்கெஸ்ட்ராவில் வாசிக்கப் போய்விட்டார். பிற்பாடு மெஹ்லி ஓர் இளைஞர் ஆர்கெஸ்ட்ராவை உருவாக்கினார் - லாஸ் ஏஞ்சலீஸில். பம்பாய் இழந்தது எதை என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

மிச்சமிருந்த கலைஞர்களைக் காப்பாற்றியது சினிமா. கோவா வயலின் கலைஞர்கள் ஸ்டூடியோக்களில் பிழைத்தார்கள். இசையமைப்பாளர் பியாரேலாலுக்கு வயலின் கற்றுத் தந்த அந்தோனி கொன்சால்வஸ் 1958ல் சினிமா வாத்தியக்காரர்களைத் திரட்டி சிம்பொனிக் கச்சேரி நடத்திப் பார்த்தார். அதுவும் நிலைக்கவில்லை. பிறகு மின்னணுக் கீபோர்டு வந்தது. ஒரு விசைப்பலகை முப்பது வயலின்களின் வேலையைச் செய்தபோது, பிள்ளையின் கையில் வில்லைக் கொடுக்கப் பெற்றோருக்கு என்ன காரணம் இருக்கும்?

வயலினாவது பரவாயில்லை, தென்னிந்தியாவில் வீட்டுக்கு வீடு தெரிந்த வாத்தியம். ஓபோவும் பஸூனும் கற்றுத்தர ஆசிரியர் கிடைப்பதே அபூர்வம். இந்தப் பற்றாக்குறை மும்பையோடு நிற்பதில்லை. 2025 மார்ச் 8 அன்று இளையராஜாவின் 'வேலியன்ட்' சிம்பொனி அரங்கேறியது லண்டனில்தான். வாசித்தது ராயல் ஃபில்ஹார்மானிக் கான்சர்ட் ஆர்கெஸ்ட்ரா.

இரவல் கலைஞர்களை வைத்துக்கொண்டு இந்தியாவுக்கு என்று ஏதாவது செய்ய முடியுமா? 2015ல் பதில் கிடைத்தது. ஆர்கெஸ்ட்ரா கேட்டுக்கொண்டதற்கு இணங்க ஜாகிர் உசேன் தபலாவுக்கும் முழு ஆர்கெஸ்ட்ராவுக்கும் 'பேஷ்கார்' என்ற கான்சர்ட்டோவை எழுதினார். தாளில் எழுதியதை இம்மி பிசகாமல் வாசிக்கும் கூட்டமும் மேடையிலேயே கற்பனையை விரிக்கும் தபலாவும் எதிரெதிரே உட்கார்ந்தன. 2019ல் பிரிட்டன் சுற்றுப்பயணத்திலும் அது ஒலித்தது. ஜாகிர் 2024 டிசம்பரில் மறைந்துவிட்டார். படைப்பு ஆர்கெஸ்ட்ராவின் சொத்தாக நிற்கிறது.

நிரந்தரத் தீர்வு மேடையில் இல்லை, வகுப்பறையில் இருக்கிறது. 2012ல் தொடங்கிய ஆர்கெஸ்ட்ராவின் இசைப் பள்ளியில், ரஷ்யப் பயிற்சி முறையில், மேடையில் வாசிப்பவர்களே பிள்ளைகளுக்குக் கற்றுத் தருகிறார்கள். வாத்தியத்தோடு இசைக் கோட்பாடு, கூட்டு வாசிப்பு எல்லாம் உண்டு. பலன் மெதுவாகத்தான் வரும். ஆறு வயதில் வில்லைப் பிடிக்கும் பிள்ளை ஆர்கெஸ்ட்ராவில் அமர அநேகமாகப் பதினைந்து ஆண்டுகள் பிடிக்கும். பயிற்சிக்குப் பிறகு மாதச் சம்பளம் தரும் வேலையும் வேண்டும். அது இல்லாவிட்டால் தேறியவர்கள் மேத்தா குடும்பத்தின் வழியைத்தான் பிடிப்பார்கள்.

ஜூபின் மேத்தா 2023ல், 87 வயதில், இந்த மேடையில் இந்த ஆர்கெஸ்ட்ராவை நடத்தினார். அரங்கு எழுந்து நின்று கைதட்டியது. ஊர்ப் பிள்ளை வீடு திரும்பிய சந்தோஷம். பிள்ளைகள் வெளியூர் போகாமலே வாசிக்க ஒரு நாற்காலி கிடைக்கும் நாளில்தான் ஆர்கெஸ்ட்ராவின் பெயர் முழுசாக உண்மையாகும்.