ஒரு குடியிருப்பு, இரண்டு சட்டங்கள்

அரசியல் தத்துவம் நடத்துபவன் என்பதால் "சார், இஸ்ரேல் பக்கம் நியாயமா, பாலஸ்தீனர் பக்கமா?" என்ற கேள்வியிலிருந்து என்னால் தப்ப முடியாது. மொத்த விவகாரத்துக்கும் ஒரே வரியில் தீர்ப்புச் சொல்ல எந்தக் கோட்பாடும் கிடையாது. நான் ஒரு குடியிருப்பை மட்டும் எடுத்துக்கொள்வேன்: கிழக்கு ஜெருசலேமின் ஷேக் ஜர்ரா.

பழைய யூத மதகுரு ஒருவரின் சமாதி என்று நம்பப்படும் இடத்தை ஒட்டிய நிலத்தை 19ஆம் நூற்றாண்டில் யூத அறக்கட்டளைகள் வாங்கின. 1948 போரில் யூதர்கள் வெளியேறினார்கள், அது ஜோர்டான் வசமானது. 1956இல் ஜோர்டான் அரசும் ஐ.நா. அகதிகள் முகமையும் அங்கே 28 பாலஸ்தீன அகதிக் குடும்பங்களைக் குடிவைத்தன. வீட்டுக்கு ஈடாக அவர்கள் அகதி ரேஷனை விட்டுக்கொடுத்தார்கள். மூன்று வருடத்தில் வீட்டைப் பெயருக்கு மாற்றித் தருவதாகப் பேச்சு. மாற்றவே இல்லை.

1967இல் இஸ்ரேல் அந்தப் பகுதியைப் பிடித்தது. 1948க்கு முன் யூதர்களுக்கு அங்கிருந்த சொத்தைத் திரும்பப் பெற 1970இல் சட்டம் வழி செய்தது. பாலஸ்தீன அகதிகள் இஸ்ரேல் பகுதியில் விட்டுவந்த வீடுகளோ 1950ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏற்கெனவே அரசுக் காப்பாளரிடம் போயிருந்தன. அவை திரும்பக் கிடைக்காது.

இப்போது தத்துவவாதி ராபர்ட் நோசிக்கைக் கூப்பிடுவோம். சொத்து முறையாக வந்ததா, முறையாகக் கைமாறியதா, நடுவில் நடந்த அநியாயம் சரிசெய்யப்பட்டதா என்று கேட்பவர் அவர். அவர் கணக்கில் அறக்கட்டளையின் பத்திரம் செல்லும். அகதியின் பத்திரமும் செல்லும். ஜெரமி வால்ட்ரன் வேறு மாதிரி: காலம் போய், சூழ்நிலை மாறி, வேறு குடும்பங்கள் வேரூன்றிவிட்டால் பழைய உரிமை வலுவிழக்கலாம் என்பார். அப்படியானால் இரு தரப்பும் இருக்கும் இடத்திலேயே இருக்கலாம்.

ஆக, நோசிக் வழியில் இருவரும் திரும்பலாம், வால்ட்ரன் வழியில் இருவரும் தங்கலாம். சட்டமோ யூதருக்கு நோசிக்கையும் பாலஸ்தீனருக்கு வால்ட்ரனையும் எடுத்துக்கொள்கிறது. என் கண்ணுக்கு அநியாயம் இங்கேதான் இருக்கிறது.

ஜான் ரால்ஸின் அறியாமைத் திரையையும் போட்டுப் பார்க்கலாம். (ஒரே சமூகத்துக்காக யோசித்தவரை, எல்லையே தகராறில் உள்ள இடத்துக்கு இழுப்பது கொஞ்சம் அத்துமீறல்தான்.) யூதராகப் பிறப்போமா, பாலஸ்தீனராகவா என்று தெரியாத ஒருவர் இந்த இரண்டு சட்டங்களுக்கும் சம்மதிப்பாரா? சம்மதிக்க மாட்டார்.

2022 மார்ச்சில் இஸ்ரேல் உச்ச நீதிமன்றம், உரிமைப் பிரச்சினை தீரும்வரை ஷேக் ஜர்ராவில் வெளியேற்ற வழக்கைச் சந்தித்த நான்கு பாலஸ்தீனக் குடும்பங்களை வெளியேற்றக் கூடாது என்றது. இரண்டு சட்டங்களையும் அது தொடவில்லை.