சொந்த பிக்கப்பில் ஆபீஸ் ட்ரெய்லரை இழுக்கலாமா? விபத்து நடந்தால் பணம் யார் கட்டுவது?

வெள்ளிக்கிழமை மாலை. பெங்களூருவில் ஒரு ஈவென்ட் கம்பெனி. மறுநாள் மைசூருவில் நிகழ்ச்சி. ஜெனரேட்டர் ட்ரெய்லரை இழுக்க வரவேண்டிய வண்டி வரவில்லை. "உங்ககிட்ட பிக்கப் இருக்கே, நீங்களே இழுத்துட்டு வந்துடுங்களேன். டீசலுக்கு பில் போட்டுக்கலாம்" என்கிறார் மேனேஜர்.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் 2016-ல் இசுசு வி-கிராஸ், 2022-ல் டொயோட்டா ஹைலக்ஸ் என்று வந்த பிறகு, சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்களும் வெள்ளை போர்டில் பிக்கப் வைத்திருக்கிறார்கள். இந்தக் கேள்வி அவர்களிடம் வரத்தான் செய்யும்.

வண்டி இழுக்குமா? இழுக்கும். ஆஸ்திரேலியாவில் ஹைலக்ஸின் ஃபோர் வீல் டிரைவ் மாடல்கள், தனி பிரேக் உள்ள ட்ரெய்லர் என்றால் 3,500 கிலோ வரை இழுக்கலாம். பிரேக் இல்லாத ட்ரெய்லருக்கு 750 கிலோதான். எஞ்சின் அதேதான். இழுப்பதைவிட நிறுத்துவதுதான் கஷ்டம். தவிர, ட்ரெய்லர் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு கொக்கி வழியாக உங்கள் வண்டியின் பின்பக்கம் உட்காரும். அதைக் குறைக்கலாம் என்று சரக்கைப் பின்னால் தள்ளி வைத்தால், வேகத்தில் ட்ரெய்லர் வாலாட்ட ஆரம்பித்துவிடும்.

லைசென்ஸ் பற்றித்தான் பலர் பயப்படுகிறார்கள். அந்தக் கவலை பெருமளவு தீர்ந்துவிட்டது. 7,500 கிலோ வரையிலான சரக்கு வண்டியை ஓட்ட எல்.எம்.வி. லைசென்ஸே போதும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பர் 6 அன்று சொல்லிவிட்டது. டிராக்டர் ஓட்ட லைசென்ஸ் உள்ளவர் பின்னால் ட்ரெய்லரை மாட்டியதாலேயே லைசென்ஸ் இல்லாதவர் ஆகிவிட மாட்டார் என்று 2001-லேயே, நாகஷெட்டி வழக்கில், அதே நீதிமன்றம் கூறியிருக்கிறது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

மோட்டார் வாகனச் சட்டம் 2(13) 'சரக்கு' என்றால் என்ன என்று சொல்கிறது. காரிலோ, காரில் மாட்டிய ட்ரெய்லரிலோ கொண்டுபோகும் சொந்தச் சாமான் சரக்கு ஆகாது. அதாவது உங்கள் பைக்கை ட்ரெய்லரில் ஏற்றி கோவா போவது ஒன்று, கம்பெனி ஜெனரேட்டரை இழுப்பது வேறொன்று. அடுத்த பிரிவான 2(14) இன்னும் கறார். சரக்குக்காகத் தயாரிக்கப்படாத வண்டியும், சரக்கு ஏற்றப் பயன்படுத்தும்போது 'சரக்கு வண்டி'தான். போர்டு வெள்ளையா மஞ்சளா என்பதோடு, வண்டி என்ன வேலை செய்கிறது என்பதையும் சட்டம் பார்க்கிறது.

இப்போது உங்கள் இன்சூரன்ஸ் பாலிசியை எடுங்கள். தனியார் கார் பாலிசிகளின் வழக்கமான வாசகத்தில், எதற்கெல்லாம் வண்டியைப் பயன்படுத்தக் கூடாது என்று ஒரு பட்டியல் இருக்கும். முதலில் வாடகை. இரண்டாவதாக, சாம்பிளும் சொந்த லக்கேஜும் தவிர்த்த சரக்கு. இரண்டும் தனித்தனி. அதனால் "நான் வாடகை வாங்கலையே, டீசல் காசுதானே" என்ற பதில் முதல் வரிக்குத்தான் பொருந்தும். இரண்டாவது வரியைக் காட்டி, உங்கள் வண்டியின் ரிப்பேர் கிளைமை நிறுவனம் மறுக்கலாம்.

அடிபட்டவருக்கான இழப்பீடு இதைவிடப் பெரிய விஷயம். பெர்மிட் இல்லாமல் ஓடிய லாரி தொடர்பான அம்ரித் பால் சிங் வழக்கில் (2018), இன்சூரன்ஸ் நிறுவனம் முதலில் பணத்தைக் கட்டிவிட்டு, பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்ற உத்தரவை உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆர்.சி.யில் இருப்பது உங்கள் பெயர், மேனேஜர் பெயர் அல்ல. உயிரிழப்பு என்றால் இறந்தவரின் வயது, வருமானத்தை வைத்துத் தீர்ப்பாயம் தொகையைக் கணக்கிடும். கம்பெனியும் பொறுப்பு என்று நீங்கள் வாதாடலாம்தான், ஆனால் அது நீங்கள் போராடிப் பெறவேண்டியது.

மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு பெர்மிட் தேவையில்லை என்று 66-வது பிரிவே விலக்கு தருகிறது. சிலர் இதைக் காட்டி "ஒண்ணும் ஆகாது" என்பார்கள். விலக்கு பெர்மிட்டுக்குத்தான், பாலிசிக்கு இல்லை.

ட்ரெய்லரையும் மறக்க வேண்டாம். சட்டப்படி அதுவும் ஒரு மோட்டார் வாகனம்தான், அதற்கும் பதிவு வேண்டும். பதிவில்லாமல் பிடிபட்டால் முதல்முறை 2,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம். ஆர்.சி.யில் உள்ள எடையைத் தாண்டினால் 20,000 ரூபாய், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000.

அடிக்கடி இழுக்க வேண்டியிருந்தால் வண்டியைச் சரக்கு வாகனமாக மாற்றிப் பதிவு செய்து, பாலிசியையும் மாற்றலாம். ஆனால் ஃபிட்னஸ் சான்றிதழ் முதல் வரி வரை எல்லாமே மாறும். அந்தச் செலவை யார் ஏற்பது என்பதை முதலிலேயே கம்பெனியிடம் பேசுங்கள். எப்போதாவது ஒரு நாள் என்றால், மஞ்சள் போர்டு வண்டிக்கு ஆபீஸ் கொடுக்கும் ஒருநாள் வாடகை இதையெல்லாம்விட மலிவு.

மேனேஜரிடம் 'முடியாது' என்று சொல்லத் தயக்கமா? பாலிசியில் 'லிமிடேஷன்ஸ் ஆஸ் டு யூஸ்' என்ற தலைப்பு இருக்கும் பக்கத்தை போட்டோ எடுத்து வாட்ஸ்ஆப்பில் அனுப்பி, "இதுக்கு கம்பெனி எழுத்துல பொறுப்பு ஏத்துக்குமா சார்?" என்று கேட்டுப் பாருங்கள்.