பத்தியமும் பசியும்: குடல் அழற்சி உடையோரின் உணவு வழக்கம்

தமிழர் வாழ்வில் மருந்தும் உணவும் பிரித்தறிய இயலாதவாறு பின்னிக் கிடப்பவை. திருக்குறளின் 95ஆம் அதிகாரம் 'மருந்து' எனப் பெயர் பெற்றிருப்பினும், மருந்தைக் காட்டிலும் உண்ணும் அளவைப் பற்றியே மிகுதியும் பேசுகின்றது என்பது கற்றோர் அறிந்ததே. மருத்துவரிடம் சென்று திரும்புவோரை நம் இல்லங்களில் எதிர்கொள்ளும் முதல் வினாவும் 'என்ன பத்தியம் சொன்னார்?' என்பதேயாகும். பத்தியத்திற்கு ஒரு கால எல்லை உண்டு. பிள்ளை பெற்ற தாய்க்கு நாற்பது நாள். மஞ்சள் காமாலைக்குச் சில வாரங்கள். எல்லை கடந்ததும் பழைய உணவுக்குத் திரும்பிவிடுவர். ஆனால், வாழ்நாள் முழுதும் உடன்வரும் ஒரு நோய்க்குப் பத்தியம் எவ்வாறு அமைதல் வேண்டும்? குடல் அழற்சி நோயுடையோர் நாளும் சந்திக்கும் இவ்வினாவையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

குடல் அழற்சி நோய் என்னும் பொதுப்பெயர் இரு நோய்களைக் குறிக்கும். ஒன்று, பெருங்குடலின் உட்படலத்தைப் புண்ணாக்கும் 'அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்'. மற்றொன்று, வாய் முதல் மலவாய் வரை எவ்விடத்தும் தோன்றிக் குடற்சுவரின் முழுத் தடிமனையும் தாக்கவல்ல 'கிரோன்' நோய். நியூயார்க் நகரின் மவுண்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்த பர்ரில் கிரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் ஆகிய மூவர் 1932இல் வெளியிட்ட கட்டுரையால் பின்னதற்கு அப்பெயர் நிலைத்தது. பரம்பரைக் கூறு, குடல்வாழ் நுண்ணுயிர்கள், சூழல் ஆகியவை கூடுமிடத்து, உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே குடலைத் தாக்கத் தொடங்குகின்றது. மேலை நாட்டு நோய் என்று கருதப்பட்ட இது இன்று இந்தியாவிலும் பெருகி வருகின்றது. கல்லூரிப் பருவத்திலேயே இது தலைகாட்டுவதுண்டு என்பது நம்மனோர் கருத வேண்டிய செய்தி.

மொழி பயிற்றுவோர் என்ற முறையில் ஒன்று கூறவேண்டியுள்ளது. நம் ஊர்களில் இந்நோய்க்குத் தனிப்பெயர் வழங்கவில்லை. இரைப்பைப் புண்ணும் 'அல்சர்', இதுவும் 'அல்சர்'. பெயர் மயங்கவே உணவும் மயங்குகின்றது. வயிற்றுப் புண்ணுக்குச் சொல்லும் மணத்தக்காளிக் கீரையும் தேங்காய்ப்பாலும் இதற்கும் பரிந்துரைக்கப்படுகின்றன. மலத்துடன் குருதி வெளிப்படின் 'மூலச்சூடு' என்று தாமே முடிவு செய்து மாதக்கணக்கில் காலம் கடத்துவோரும் உளர். போதாக்குறைக்குக் குடற் காசநோய் கிரோன் நோயைப் போலவே தோற்றமளிப்பதால், இரண்டையும் பிரித்தறிதல் நம் நாட்டு மருத்துவர்க்கே எளிதன்று. நோய் இன்னதென்று அறியாமுன் பத்தியம் பேசுதல் பயனற்றது.

இந்நோயுடையோர் உண்ணும் முறையைக் கூர்ந்து நோக்கின், அதனை ஆள்வது அச்சமே எனலாம். ஒருநாள் மீன் உண்டபின் வயிறு வலிக்கும், மீன் விலக்கப்படும். பிறிதொரு நாள் பருப்பு, அதன்பின் கீரை, பின்னர்ப் பால். இவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாய் நீங்கி, ஈற்றில் ரசஞ்சோறும் ரொட்டியுமே எஞ்சும். நோய் தணிவதும் மீண்டும் சீறுவதும் தன் போக்கில் நிகழ்பவை. முன்னாள் உண்ட உணவு பல வேளைகளில் வீண்பழி சுமக்கின்றது. விளைவு யாது? எடை குறைகின்றது, குருதி வற்றுகின்றது, வளரும் பிள்ளைகளுக்கு உயரமே தடைப்படுகின்றது. மெலிந்த உடல் மருந்தையும் அறுவையையும் தாங்குவது அரிது. மிகைப் பத்தியம் இந்நோய்க்குத் துணைபோகின்றது என்பதே நம் துணிபு.

நோய் சீறும் நிலையும் தணிந்த நிலையும் வேறு வேறு. சீறுங்கால் குழைந்த சோறு, கஞ்சி, இட்லி, இடியாப்பம், தோலும் விதையும் நீக்கி வேகவைத்து மசித்த காய், முட்டை, மீன் எனச் சிறுசிறு அளவாகப் பலமுறை உண்பது எளிது. கழிச்சல் மிகுந்தால் வெறும் நீர் போதாது. உப்பும் சர்க்கரையும் அளவாய்ச் சேர்ந்த ஓ.ஆர்.எஸ். கரைசல் வேண்டும். தணிந்தபின்னோ காய்கனிகளைப் படிப்படியாக மீட்டுக்கொள்ள வேண்டும். பலர் தவறுவது இவ்விடத்தேதான். குடல் சுருங்கி வழி குறுகியவர்கள் மட்டும் வாழைத்தண்டு, முருங்கைக்காய்ச் சக்கை, சோளம், முழுக்கொட்டைகள் போன்றவற்றில் விழிப்பாயிருத்தல் வேண்டும். நார் திரண்டு அடைப்பை உண்டாக்கக்கூடும். பால் எல்லோர்க்கும் விலக்கன்று. பாற்சர்க்கரை செரிக்காதவர்க்கும் தயிரோ மோரோ ஒத்துக்கொள்வதுண்டு.

சிறுகுடலின் கடைப்பகுதியே வைட்டமின் பி12ஐயும் பித்த உப்புகளையும் உறிஞ்சுமிடம். கிரோன் நோய் பெரிதும் தங்குவதும் அங்கேதான். அப்பகுதி வெட்டி நீக்கப்பட்டவர்க்குப் பி12 பெரும்பாலும் ஊசிவழி தேவைப்படும். எண்ணெயில் பொரித்தனவும் கொழுப்பு மிக்கனவும் அவர்க்குக் கழிச்சலை மிகுவிக்கும். குருதிப்போக்கால் இரும்புச்சத்து குறையும். நெடுநாள் உண்ணும் ஸ்டீராய்டு எலும்பை மெலிவிப்பதால் கால்சியமும் வைட்டமின் டியும் வேண்டப்படும். சல்ஃபாசலசின், மெத்தோட்ரெக்சேட் உண்போர்க்கு ஃபோலிக் அமிலம் தேவை.

இனி, நோயைத் தீர்க்கும் எனப் பறைசாற்றப்படும் உணவுமுறைகள். தானியங்கள் அனைத்தையும், எனவே அரிசியையும், அறவே விலக்கும் ஒரு முறை மேனாட்டில் பெரும்புகழ் பெற்றது. 2021இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில் கிரோன் நோயாளர் 194 பேர் இரு கூறாக்கப்பட்டு, ஒரு சாரார் இம்முறையையும் மறுசாரார் மீன், பருப்பு, காய்கனி, ஆலிவ் எண்ணெய் மிகுந்த மத்தியதரைக்கடல் உணவையும் பின்பற்றினர். ஆறு வாரங்களுக்குப் பின் இரு சாராரிலும் பாதிக்குச் சற்றே குறைந்தோர்க்கு நோய்க்குறிகள் தணிந்திருந்தன. ஒன்று மற்றொன்றை விஞ்சவில்லை. சோற்றைத் துறக்க வேண்டுமோ என்று கலங்கும் நம்மவர்க்கு இது நற்செய்தி. அமெரிக்க இரைப்பை குடலியல் சங்கம் 2024இல் அளித்த அறிவுரையும், வேறு தடையில்லாத இந்நோயாளர் அனைவர்க்கும் மத்தியதரைக்கடல் உணவையே முன்வைக்கின்றது. மீனும் பருப்பும் காயும் நம் அடுக்களைக்குப் புதியனவல்ல.

உணவே மருந்தாக மெய்ப்பிக்கப்பட்ட இடம் ஒன்றுண்டு. கிரோன் நோயுற்ற குழந்தைகட்குப் பிற உணவெல்லாம் நிறுத்தி, முழுச்சத்தும் அடங்கிய நீர்ம உணவை மட்டும் ஆறு முதல் எட்டு வாரம் அளித்தால் பெரும்பாலோர்க்கு அழற்சி தணிகின்றது. ஸ்டீராய்டைத் தவிர்க்கவும் முடிகின்றது. இது மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே செய்யத்தக்கது. கொலைட்டிஸுக்கு இது பயன்படுவதாக நிறுவப்படவில்லை.

நம் சமுதாயத்தார் கேட்கும் வினா நோன்பு பற்றியது. நோயாளிக்குச் சலுகை உண்டென்பதும், பின்னர் நோற்கலாம் என்பதும், அறவே இயலாதார்க்குப் பரிகாரம் உண்டென்பதும் அல்பகரா அத்தியாயத்தின் 184ஆம் வசனத்தை ஓதுவோர் அறிவர். இருந்தும் பிறர் பார்வைக்கு அஞ்சிச் சீறும் நோயுடன் நோன்பிருப்போர் உளர். கழிச்சலுடன் பகல் முழுதும் நீரின்றி இருத்தல் சிறுநீரகத்துக்குத் தீங்கு. ஸ்டீராய்டை இடையில் தாமாக நிறுத்துதல் உயிருக்கே ஊறு விளைக்கலாம். நோய் தணிந்திருப்போர் ரமலானுக்குச் சில வாரங்கள் முன்னரே மருத்துவரைக் கண்டு, மாத்திரை வேளைகளைச் சஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்றிக்கொள்ள இயலுமா எனக் கேட்டறிதல் நன்று. நோன்பு துறக்கையில் சமோசாவினும் குழைந்த கஞ்சி மேல்.

விருந்தில் ஒரே சஹனில் பலர் கூடி உண்ணும் வழக்கம் சகோதர உணர்வுக்குச் சான்று. எனினும், அங்கே ஒருவர் கை தயங்குவது உடனே புலப்பட்டுவிடும். 'ஒரு கை அள்ளுங்க மாமா, ஒண்ணும் செய்யாது' என்னும் அன்பு வற்புறுத்தல் இந்நோயுடையார்க்குத் துன்பமே. விடுதியிலும் இவ்வாறே. காரமற்ற குழைந்த சோற்றையும் மோரையும் ஒருவர்க்கெனத் தனியே எடுத்துவைப்பது சமையற்கூடத்தார்க்குப் பெருஞ்சுமையன்று. பேருந்தில் கழிப்பிடம் இல்லை, வகுப்பில் எழுந்து செல்ல நாணம் என்ற இரு காரணங்களால் காலை முதல் மாலை வரை உண்ணாதிருக்கும் மாணவர் உளர். அத்தகையோர் துறைத் தலைவரிடம் தனியே தெரிவித்தால், கேளாமலே வகுப்பறையை விட்டுச் செல்லவும், தேர்வறையில் வாயிலருகே அமரவும் இசைவு பெற்றுத்தர நம் துறை ஆசிரியர்கள் அணியமாயுள்ளோம்.