கம்புகட்டியின் கணக்கு

வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் போகும் சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஏரிக்கரை ஓரமாக உள்ளே நடந்தால் எங்கள் ஊர். நான் சிறுமியாக இருந்தபோது ஊர்த் தண்ணீருக்குப் பொறுப்பு கம்புகட்டித் தாத்தா. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு விடியுமுன்னே மதகடிக்குப் போய்விடுவார். இன்று யார் கழனிக்கு மடை திறப்பது, கடைசிக் கழனிக்குத் தண்ணீர் எட்டியதா என்பதெல்லாம் அவர் நினைவில் இருக்கும். ஏரி நிரம்பிக் கோடி போகும் வருஷம் சம்பா, நவரை, சொர்ணவாரி மூன்று போகமும் உண்டு. தண்ணீர் இறங்கிவிட்டால் ஊர் கூடும். "பாதிக் கழனிக்குத்தான் தாங்கும். அதுக்கு மேல நாத்து விடாதீங்க" என்பார் தாத்தா. அவர் சொன்னால் சொன்னதுதான். களத்துமேட்டிலேயே அவருக்கு நெல் அளந்து கொடுப்பார்கள்.

அந்தக் கூட்டத்தில் நியாயம் முழுசாக இருந்ததென்று சொல்ல மாட்டேன். காலனித் தெருக்காரர்கள் தள்ளி நின்றுதான் கேட்டார்கள். பெண்களுக்கு அதுவும் இல்லை. ஆனாலும் இருக்கிற தண்ணீரை அளந்து பார்க்காமல் ஒருவரும் நாற்று விட்டதில்லை.

சிறுசேரியில் ஐ.டி. பூங்கா வந்தது. பழைய மாமல்லபுரம் சாலை 2008-ல் ஆறு வழிச் சாலையானது. அதன் பிறகு எங்கள் பக்கம் நிலத்துக்கு நெல்லைவிட நல்ல விலை. முதலில் சொர்ணவாரியை விட்டோம், பிறகு நவரையை. கழனிகளில் பிளாட் கல் முளைத்தது. ஏரியிலிருந்து வரும் வாய்க்கால் பல இடங்களில் மண்ணுக்கடியில் போய்விட்டது. விற்றவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெண்ணின் கல்யாணம், பையனின் படிப்பு என்று ஒவ்வொரு பத்திரத்துக்குப் பின்னாலும் ஒரு காரணம் இருந்தது.

2019 கோடையை மறக்க முடியாது. சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டன. எங்கள் பக்கத்துக் கிணறுகளில் இரவெல்லாம் லாரிகள் உறிஞ்சிக்கொண்டு போயின. எங்கள் வீட்டுக் கைப்பம்பு அந்த மே மாதம் காற்றை மட்டும் கக்கியது. அதற்குப் பிறகு அதில் தண்ணீர் வரவே இல்லை.

இப்போது ஏரிக்குக் கீழே, தாத்தா கடைசியாக மடை திறந்துவிட்ட கழனிகளில், அடுக்குமாடிக் குடியிருப்பு வரப்போகிறது என்கிறார்கள். தகர வேலி போட்டாயிற்று. 500 வீடு என்றே வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு நாலு பேர் என்றால் 2,000 பேர். நகரத்துக்காரர் ஒருவருக்கு நாளைக்கு 135 லிட்டர் என்பது அரசு வழிகாட்டிக் கணக்கு. ஆக 2,70,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் 22 நடைக்கும் மேலே. ஒரு நாளைக்கு! எங்கள் ஊருக்கு 'ஜல் ஜீவன்' திட்டத்தில் குழாய் போட்டபோது ஆளுக்கு எடுத்துக்கொண்ட அளவு 55 லிட்டர்தான். வேலிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே நிலத்தடி ஊற்று. தாகத்துக்கு மட்டும் இரண்டு அளவுகோல்.

புழங்கிய தண்ணீரில் ஐந்தில் நாலு பங்கு கழிவாக வெளியேறும் என்பது பொறியாளர்கள் கணக்கு. இங்கே பாதாளச் சாக்கடை கிடையாது. கட்டடத்துக்குள்ளேயே சுத்திகரித்து, செடிக்கும் கழிவறைக்கும் விட்டது போக மிச்சம் எங்கே போகும்? மழைக்காலத்தில் போக வேறு பள்ளம் ஏது, எங்கள் தெருக்களைத் தவிர? மருத்துவமும் அப்படித்தான். துணை சுகாதார நிலையம் ஒன்று 5,000 பேருக்கு என்பது விதி. எங்கள் நிலையத்து நர்ஸம்மா இப்போதே தடுப்பூசி நாளில் மதியச் சாப்பாட்டை நாலு மணிக்குச் சாப்பிடுகிறார்.

கேட்கப் போனால் கேட்கும் இடமும் இல்லை. 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டினால் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்கிறது 2006-ம் ஆண்டு அறிவிக்கை. அதே அறிவிக்கை, கட்டடத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை என்றும் விலக்குக் கொடுத்திருக்கிறது. திட்ட அனுமதி தருவதும் பஞ்சாயத்து இல்லை. இதையெல்லாம் படித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. அன்று காலனித் தெரு தள்ளி நின்றது. இன்று ஊரே தள்ளி நிற்கிறது.

குடிவரப் போகிறவர்கள் மேல் எங்களுக்குக் கோபம் கிடையாது. இருபது வருஷக் கடனை வாங்கி வந்து, குழாயில் தண்ணீர் வராமல் மாதாமாதம் லாரிக்குப் பணம் கட்டப் போகிறவர்கள் அவர்கள். அந்த லாரி இன்னொரு ஊர்க் கிணற்றில்தான் நிரப்பிக்கொண்டு வரும்.

போன கிராம சபையில் காலனித் தெரு அக்கா ஒருவர் எழுந்து நின்று கேட்டார்: "எங்க கொழாய்லயே ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வருது. அவ்ளோ பேருக்கு எங்கேர்ந்து தருவீங்கன்னு யாராச்சும் அளந்து பாத்தீங்களா?" மேடையில் இருந்தவர்கள் மேலே எழுதி அனுப்புவதாகச் சொன்னார்கள். அக்கா உட்காரவில்லை. "எழுதறது இருக்கட்டும், அளந்தீங்களா?" என்றார் மறுபடியும்.

அடுத்த கிராம சபை நவம்பர் 1. ஊர்க் கிணறுகளில் எத்தனை முழம் தண்ணீர் நிற்கிறது என்று அக்காவும் நானும் வாராவாரம் கயிறு விட்டு அளந்து, நோட்டில் குறித்துக்கொண்டு வருகிறோம்.