ஸ்பேனர் முதல் ஜாக்கி ஸ்டாண்டு வரை... கார் ஷெட்டில் ஒரு குட்டி ஒர்க்‌ஷாப் அமைப்பது எப்படி?

சமையலறைக் குழாய் சொட்டுகிறது. பிளம்பருக்கு போன் செய்தால், "சின்ன வேலைதானே சார், அந்தப் பக்கம் வரும்போது பார்த்துடுறேன்" என்கிறார். சொல்லி நான்கு நாள் ஆகிவிட்டது. மாற்ற வேண்டியது ஒரே ஒரு வாஷர். பத்து நிமிட வேலை. ஆனால், வீட்டில் இருப்பதோ முனை மழுங்கிய ஒரு ஸ்க்ரூடிரைவரும், பிடி ஆடுகிற ஒரு சுத்தியலும்தான்.

இந்த அவஸ்தை பல வீடுகளில் உண்டு. அதனால்தான் கார் ஷெட்டின் ஒரு மூலையையோ, போர்டிகோவின் ஒரு சுவரையோ சின்ன ஒர்க்‌ஷாப்பாக மாற்றும் ஆசை பலருக்கும் வருகிறது. ஆசை வந்த வேகத்தில் ஆன்லைனில் 'நூறு பீஸ் டூல் கிட்' ஒன்றை ஆர்டர் செய்துவிடுகிறார்கள். அதில் பாதியைக் கடைசி வரை தொடுவதே இல்லை. தொடுகிற மீதியும் நான்கு முறை திருகினால் முனை உருண்டுவிடுகிறது.

என்ன வாங்குவது, எந்த வரிசையில் வாங்குவது, எதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது என்று பார்ப்போம்.

முதலில் கரன்ட்டும் வெளிச்சமும்

கருவிகளுக்கு முன்னால் இடத்தைச் சரிசெய்ய வேண்டும். கார் ஷெட்டில் பெரும்பாலும் ஒரு பல்பும், 6 ஆம்பியர் பிளக் பாயின்ட் ஒன்றும்தான் இருக்கும். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அந்தக் கணக்கில் 6 ஆம்பியர் பாயின்ட் சுமார் 1,380 வாட் வரைதான் தாங்கும். சாதாரண டிரில்லிங் மெஷினுக்கு அது போதும். காரைக் கழுவும் பிரஷர் வாஷர், வெல்டிங் மெஷின் போன்றவற்றுக்கு 16 ஆம்பியர் பாயின்ட் தனியாக வேண்டும்.

அதைவிட முக்கியம், ஆர்சிசிபி. பலரும் எம்சிபி இருந்தாலே போதும் என்று நினைக்கிறார்கள். எம்சிபி என்பது வயர் சூடாகித் தீப்பிடிக்காமல் காக்கும் கருவி. கரன்ட் உடம்பு வழியாகத் தரைக்குப் பாய்ந்தால் உடனே இணைப்பைத் துண்டிப்பது ஆர்சிசிபிதான். வீட்டுக்கு வாங்கும்போது 30 மில்லி ஆம்பியர் என்று போட்டிருக்கிறதா எனப் பார்த்து வாங்க வேண்டும். அதில் உள்ள 'டெஸ்ட்' பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அழுத்தியும் டிரிப் ஆகவில்லை என்றால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டிய நேரம் அது.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கும்போது வயரின் தடிமனைப் பாருங்கள். சுருளாகச் சுற்றிய வயர் என்றால், அதிக வாட் மெஷினை ஓட்டும்போது முழுவதும் பிரித்துப் போட்டுவிட வேண்டும். சுற்றியபடியே விட்டால் சூடு வெளியேற வழியில்லாமல் வயரின் மேலுறை உருகிவிடும்.

வெளிச்சத்துக்கு, வேலை செய்யும் மேஜைக்கு நேர் மேலே ஒரு எல்.இ.டி டியூப் லைட் போதும். முதுகுக்குப் பின்னால் லைட் இருந்தால், உங்கள் நிழலே வேலை மேல் விழும்.

இந்தப் பத்தும் இருந்தால் பாதி வேலை முடியும்

1. ஸ்க்ரூடிரைவர்: ஸ்டார், ஃபிளாட் இரண்டும். ஸ்டாரில் அதிகம் தேவைப்படுவது 2-ம் நம்பர் முனை. முனை ஸ்க்ரூவில் ஆடாமல் உட்கார வேண்டும்.

2. கட்டிங் பிளேயர்: 8 இன்ச், ரப்பர் பிடி கிழியாமல் இருக்க வேண்டும்.

3. சுத்தியல்: ஆணி பிடுங்கும் வசதியுள்ளது. அரை கிலோ எடை போதும்.

4. ஸ்க்ரூ ஸ்பேனர்: 10 இன்ச். குழாய் வேலைக்குக் கைகொடுக்கும். கூடவே ஒரு டெஃப்லான் டேப்.

5. ஆக்ஸா பிளேடு, ஃபிரேமுடன்: பிளேடின் பற்கள் பிடிக்கு எதிர்ப்பக்கம், அதாவது முன்னோக்கி இருக்கும்படி மாட்ட வேண்டும். தள்ளும்போதுதான் அது அறுக்கும்.

6. அளவு டேப்: 5 மீட்டர்.

7. ரசமட்டம்: ஷெல்ஃப், கண்ணாடி, டி.வி ஸ்டாண்டு எதை மாட்டினாலும் இது வேண்டும்.

8. ஆலன் கீ செட்: பிரித்து அனுப்பப்படும் ஃபர்னிச்சர், சைக்கிள் இரண்டுக்கும்.

9. அரம்: பட்டையானது ஒன்று, உருண்டையானது ஒன்று.

10. டெஸ்டரும் மல்டிமீட்டரும்: டெஸ்டர் எரியவில்லை என்பதாலேயே கரன்ட் இல்லை என்று நம்பிவிடக் கூடாது. டெஸ்டரே பழுதாகியிருக்கலாம். நன்றாக வேலை செய்யும் வேறு பாயின்ட்டில் ஒருமுறை வைத்துப் பார்த்துவிட்டு, பிறகு இங்கே வையுங்கள்.

இந்தப் பத்தை வைத்தே குழாய் வாஷர், கதவுக் கீல், தாழ்ப்பாள், சுவிட்ச் மாற்றுவது போன்ற வேலைகளை முடித்துவிடலாம். சீலிங் ஃபேன் திடீரென மெதுவாகச் சுற்றுகிறதா? பெரும்பாலும் கெபாசிட்டர்தான் காரணம். நம் ஊர் ஃபேன்களில் பரவலாக இருப்பது 2.5 மைக்ரோஃபேரட். பழையதில் என்ன எண் போட்டிருக்கிறதோ, அதே எண்ணில் வாங்கி மாட்ட வேண்டும். எந்த மின்வேலைக்கும் முன்னால் மெயினை அணைப்பது கட்டாயம். ரெகுலேட்டரை மட்டும் அணைத்துவிட்டு ஸ்டூலில் ஏறக் கூடாது.

வண்டிக்கு எந்த ஸ்பேனர்?

மெக்கானிக் கடைகளில் 'பத்து-பதினொண்ணு எடு, பன்னெண்டு-பதிமூணு எடு' என்று சத்தம் கேட்கும். இரண்டு முனையிலும் இரண்டு அளவுள்ள ஸ்பேனரைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். பைக், ஸ்கூட்டர்களில் அதிகம் தேவைப்படுவது 8, 10, 12, 14, 17 எம்.எம் அளவுகள்.

ஸ்பேனரில் வாய் திறந்தது, வளையம் போன்றது என இரண்டு வகை. இறுகிப்போன நட்டை முதலில் வளைய ஸ்பேனரால்தான் அசைக்க வேண்டும். அது நட்டைச் சுற்றிலும் பிடிக்கும். நட்டு தளர்ந்த பிறகு திறந்த ஸ்பேனரால் வேகமாகக் கழற்றலாம். தொடக்கத்திலேயே திறந்த ஸ்பேனரைப் போட்டு முரட்டுத்தனமாகத் திருகினால் நட்டின் முனைகள் தேய்ந்து உருண்டுவிடும். அப்புறம் எந்த ஸ்பேனரும் பிடிக்காது.

அடுத்த கட்டமாக ஒரு சாக்கெட் செட், டயர் பிரஷர் கேஜ், டியூப்லெஸ் பஞ்சர் கிட், 12 வோல்ட் ஏர் பம்ப். இவை இருந்தால் காலையில் டயர் இறங்கிக் கிடந்தாலும் பதற்றமில்லை. கூடவே அரை கிலோ பனியன் வேஸ்ட் வாங்கி வையுங்கள். கிரீஸ் துடைக்க அதைவிடச் சிறந்த துணி இல்லை.

மெஷின் வாங்கும் வரிசை

முதல் மெஷின் டிரில்லாகத்தான் இருக்க வேண்டும். ஹேமர் வசதி இருந்தால் சுவரிலும் துளையிடலாம். பிட் வாங்கும்போது குழப்பம் வேண்டாம். இரும்புக்கு ஹெச்.எஸ்.எஸ் பிட், கான்கிரீட், செங்கல் சுவருக்கு நுனியில் கார்பைடு வைத்த மேசனரி பிட். ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது. இரும்பு, மரம் இரண்டுக்கும் ஹேமர் பட்டனை அணைத்துவிட வேண்டும். டைல்ஸ் என்றால், அதன் மேல் ஒரு மாஸ்கிங் டேப்பை ஒட்டி, ஹேமர் இல்லாமல் மெதுவாகத் தொடங்குங்கள். பிட் வழுக்காது, டைல்ஸும் விரியாது.

சுவரில் கை வைப்பதற்கு முன் ஒரு விஷயம். சுவருக்குள் வயர்கள் பெரும்பாலும் சுவிட்ச் போர்டிலிருந்து நேர் மேலேயோ, நேர் பக்கவாட்டிலோதான் போகும். அந்தக் கோட்டில் துளையிடாதீர்கள். பாத்ரூம் சுவர் என்றால் குழாய்க்கு மேலும் கீழும் அதே கவனம் வேண்டும்.

டிரில்லுக்கு அடுத்து, மேஜையில் பொருத்தும் 4 இன்ச் பெஞ்ச் வைஸ். பொருளை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் அறுப்பதுதான் பல காயங்களுக்குக் காரணம். வைஸ் பிடித்துக்கொண்டால் இரண்டு கைகளும் கருவியில் இருக்கும்.

வருடத்துக்கு ஒருமுறைகூடத் தேவைப்படாத கான்கிரீட் உடைக்கும் மெஷின் போன்றவற்றை வாங்கவே வேண்டாம். வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

கிரைண்டர்: அவசரப்பட்டு வாங்காதீர்கள்

'கட்டிங் மெஷின்' என்று எல்லோரும் சொல்லும் ஆங்கிள் கிரைண்டர், பட்டியலில் கடைசியாக வர வேண்டியது. 4 இன்ச் கிரைண்டரின் டிஸ்க் நிமிடத்துக்கு 11,000 முறைக்கு மேல் சுற்றும். அந்த வேகத்தில் டிஸ்க் உடைந்தால் துண்டுகள் எங்கே பாயும் என்று சொல்ல முடியாது. அதைத் தடுக்கத்தான் கார்டு எனப்படும் தகட்டு மூடி இருக்கிறது. வேலைக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று பலரும் முதலில் கழற்றுவதும் அதைத்தான்.

மரம் அறுக்கிற பல்லுள்ள பிளேடை கிரைண்டரில் மாட்டுவது அதைவிட ஆபத்து. பல் மரத்தில் சிக்கிய நொடியில் மெஷின் கையை உதறிக்கொண்டு உடம்பை நோக்கித் திரும்பும். சுதாரிக்க நேரமே இருக்காது. தேர்ந்த தச்சர் ஒருவர் அப்படிச் செய்வதைப் பார்த்துவிட்டு வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம். மரத்துக்குக் கை ரம்பமோ, ஜிக்சாவோ போதும்.

டிஸ்க் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை மூன்று. அதில் அச்சிட்டிருக்கும் ஆர்.பி.எம், மெஷினின் ஆர்.பி.எம்மைவிடக் குறைவாக இருக்கக் கூடாது. நடுவில் உள்ள உலோக வளையத்தில் காலாவதி தேதி இருக்கும். அது தாண்டியிருக்கக் கூடாது. கீழே விழுந்த, விரிசல் விட்ட, ஈரத்தில் ஊறிய டிஸ்க்கைத் தயங்காமல் தூக்கிப்போட வேண்டும்.

லுங்கி, துப்பட்டா, தொங்கும் சட்டைக் கை, கழுத்துச் சங்கிலி எதுவும் சுற்றும் மெஷின் பக்கத்தில் கூடாது. வெறுங்காலும் கூடாது. பவர் கண்ணாடி போட்டிருப்பவர்களும் அதற்கு மேல் பாதுகாப்புக் கண்ணாடி போட வேண்டும். பவர் கண்ணாடியின் பக்கவாட்டில் இடைவெளி இருக்கிறது. அதையும் மீறிக் கண்ணில் இரும்புத் தூள் விழுந்தால், துணி நுனியால் எடுக்க முயலாதீர்கள், கண்ணைத் தேய்க்காதீர்கள். நேராகக் கண் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

விரல் துண்டாகும் அளவுக்கு விபத்து நடந்தால், காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தபடி 108-ஐ அழைக்க வேண்டும். துண்டான பகுதியை ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வைத்து எடுத்துச் செல்ல வேண்டும். ஐஸ் கட்டி நேரடியாகப் படக் கூடாது.

காருக்கு அடியில் போகும் முன்...

காருடன் கொடுக்கும் ஜாக்கி, டயர் மாற்ற மட்டும்தான். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் காருக்கு அடியில் தலையை நுழைக்கக் கூடாது. அடியில் வேலை என்றால் ஒரு ஜோடி ஜாக்கி ஸ்டாண்டு அவசியம். சமதளத் தரை, ஹேண்ட் பிரேக், தரையில் இருக்கும் டயர்களுக்கு அடைக்கட்டை. பிறகே தூக்க வேண்டும். எந்த இடத்தில் ஸ்டாண்டு வைப்பது என்று காரின் மேனுவலில் படத்துடன் இருக்கும். செங்கல், ஹாலோ பிளாக் இவற்றை முட்டுக் கொடுப்பது கூடவே கூடாது. பாரம் தாங்காமல் அவை முன்னறிவிப்பின்றி நொறுங்கும்.

மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓட விடுவதும் அதே அளவு ஆபத்து. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பெட்ரோலின் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவி, தூரத்தில் பறக்கும் கிரைண்டர் பொறியைக்கூடத் தேடிப் போகும். எனவே, ஒர்க்‌ஷாப் மூலையில் பெட்ரோல் கேன் வைக்காதீர்கள். ஏ.பி.சி பவுடர் வகைத் தீயணைப்பான் ஒன்றைக் கதவுக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். உள் மூலையில் அல்ல. தீ உள்ளே இருக்கும்போது உங்களால் அதை எடுக்க முடிய வேண்டுமே!

எங்கே வாங்கலாம்?

சென்னை என்றால் பாரிமுனைப் பகுதியின் ஹார்டுவேர் கடைகள். மல்டிமீட்டர், சால்டரிங் அயர்ன் போன்றவற்றுக்கு ரிச்சி ஸ்ட்ரீட். மற்ற ஊர்களில் மெக்கானிக்குகளும் தச்சர்களும் வாங்கும் கடை எது என்று விசாரித்துப் போவது நல்லது. கையில் எடுத்து எடை பார்த்து, பிளேயர் வாயை வெளிச்சத்தில் மூடிப் பார்த்து வாங்கலாம். ஸ்பேனரில் 'குரோம் வெனடியம்' என்ற முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். மெஷின் வாங்கும்போது உங்கள் ஊரில் சர்வீஸ் சென்டர் இருக்கும் பிராண்டாகப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் வாங்கத் தேவையில்லை.

• முதல் கட்டம்: ஆர்சிசிபி, லைட், பத்துக் கைக்கருவிகள், பாதுகாப்புக் கண்ணாடி, முதலுதவிப் பெட்டி.

• இரண்டாம் கட்டம்: டிரில், பெஞ்ச் வைஸ், ஸ்பேனர் செட், தீயணைப்பான்.

• மூன்றாம் கட்டம்: சாக்கெட் செட், ஜாக்கி ஸ்டாண்டு, உண்மையிலேயே தேவைப்பட்டால் மட்டும் கிரைண்டர்.

வருடம் ஒருமுறை போதாது

ஆயுத பூஜைக்குக் கருவிகளைத் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைப்பது நம் வழக்கம். கடலோர ஊர்களின் உப்புக் காற்றுக்கு அந்த ஒரு நாள் துடைப்பு போதாது. வேலை முடிந்ததும் துடைத்து, மெஷின் ஆயிலை மெல்லிசாகப் பூசி வைத்தால் துரு அண்டாது. ஷூ பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைத் தூக்கிப்போடாமல் டூல் பாக்ஸில் போட்டு வையுங்கள். வண்டியிலிருந்து இறக்கிய பழைய இன்ஜின் ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல் பக்கத்து மெக்கானிக் கடையில் கொடுத்துவிடுங்கள்.

சுவரில் ஒரு பலகை அடித்து, ஒவ்வொரு கருவிக்கும் ஓர் ஆணி வைத்து, அதன் வடிவத்தைப் பென்சிலால் வரைந்துவிட்டால் எது காணோம் என்பது ஒரே பார்வையில் தெரியும். வீட்டுப் பிள்ளைகளுக்கு ஸ்க்ரூடிரைவர், ரசமட்டம், அளவு டேப் ஆகியவற்றைத் தாராளமாகக் கொடுத்துப் பழக்கலாம். மகன், மகள் என்ற பேதம் இதில் தேவையில்லை. மெஷின்களை மட்டும் பிளக்கைப் பிடுங்கி, பூட்டு உள்ள அலமாரியில் வையுங்கள். சாவி பெரியவர்களிடம் இருக்கட்டும்.