கட்டும் முன்பும் அறிவிப்பு வந்த பின்பும்: நிலப் பயன்பாட்டு விதிகள் ஓர் அறிமுகம்

சொந்த நிலத்தில் விரும்பியதைக் கட்டிக்கொள்ளலாம் என்பது பரவலான எண்ணம். நியூ ஜெர்சியில் அவ்வுரிமைக்கு எல்லை உண்டு. வீட்டின் பின்புறம் ஓர் அறை சேர்த்தல், கராஜைப் பெற்றோர் தங்கும் அறையாக மாற்றுதல், வீட்டில் நடன வகுப்பு நடத்துதல், வேலியை உயர்த்துதல் போன்றவை நகராட்சியின் நிலப் பயன்பாட்டு விதிகளுக்கு உட்பட்டவை. ‘ஸோனிங்’ எனப்படும் இவ்விதிகளை அறியாமல் பணியைத் தொடங்கினால், செலவிட்ட பணம் வீணாவதோடு கட்டியதை இடிக்கவும் நேரிடலாம்.

விதிகளின் தோற்றம்

ஓர் ஊரின் நிலத்தைக் குடியிருப்பு, வணிகம், தொழில் என மண்டலங்களாகப் பிரிக்கும் அதிகாரம் உள்ளாட்சிக்கு உண்டு என்பதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1926 ஆம் ஆண்டு ஒஹாயோ மாநிலத்தின் யூக்ளிட் ஊர் தொடர்பான வழக்கில் உறுதிசெய்தது. அடுத்த ஆண்டே நியூ ஜெர்சி தன் அரசியலமைப்பைத் திருத்தி அவ்வதிகாரத்தை ஏற்றது. இன்று நடைமுறையில் உள்ள நகராட்சி நிலப் பயன்பாட்டுச் சட்டம் 1975 இல் இயற்றப்பட்டு, 1976 ஆகஸ்ட் 1 முதல் செயல்பட்டு வருகிறது.

தமிழ்நாட்டில் சென்னைக்குப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமும் பிற பகுதிகளுக்கு நகர் ஊரமைப்பு இயக்ககமும் திட்ட அனுமதிக்கான விதிகளைப் பார்த்துக்கொள்கின்றன. நியூ ஜெர்சியில் மாநிலச் சட்டம் பொதுவான நடைமுறையை வகுக்கிறது. விதிகளை ஒவ்வொரு நகராட்சியும் தனித்தனியே இயற்றுகிறது. மாநிலத்தில் 564 நகராட்சிகள் உள்ளன. ஆகவே அடுத்த ஊரில் வசிக்கும் உறவினருக்குக் கிடைத்த அனுமதி இவ்வூரில் கிடைக்கும் என்று கொள்ள இயலாது. டெக்சாஸின் ஹூஸ்டன் நகரிலிருந்து குடிபெயர்ந்து வருவோர் இதைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். அந்நகரில் மண்டலச் சட்டமே இல்லை.

மண்டலம் கேட்கும் இரு கேள்விகள்

ஒவ்வொரு மனையும் நகராட்சியின் மண்டல வரைபடத்தில் ஏதேனும் ஒரு மண்டலத்தில் அமைந்திருக்கும். அம்மண்டலத்தின் விதிகள் இரண்டு கேள்விகளுக்கு விடை தருகின்றன. முதலாவது, அங்கு என்ன செய்யலாம் என்பது: ஒரு குடும்பம் வாழும் வீடா, இரு குடும்ப வீடா, கடையா, அலுவலகமா? இரண்டாவது, எவ்வளவு கட்டலாம் என்பது: மனையின் எல்லையிலிருந்து விட வேண்டிய இடைவெளி, கட்டடத்தின் உயரம், மனையில் கட்டடமும் சிமெண்ட் தரையும் மூடக்கூடிய பரப்பு ஆகியவை இதில் அடங்கும். மழைநீர் மண்ணில் இறங்குவதற்கென வகுக்கப்பட்ட வரம்பு ஆதலால், பின்புறத்தில் சிமெண்ட் தளம் போடுவதற்கும் கார் நிறுத்தும் பாதையை அகலப்படுத்துவதற்கும்கூட அனுமதி தேவைப்படலாம்.

வீட்டில் சில குழந்தைகளைப் பராமரிக்கும் குடும்பக் குழந்தைக் காப்பகத்தை எல்லாக் குடியிருப்பு மண்டலங்களிலும் மாநிலச் சட்டம் அனுமதிக்கிறது. இசை, நடனம், பாட வகுப்புகளுக்கு அத்தகைய பொது அனுமதி இல்லை. மாணவர் எண்ணிக்கையையும் வாகன நிறுத்தத்தையும் பற்றி நகராட்சியின் விதி கூறுவதே முடிவானது.

பக்கத்து வீட்டில் அதே போன்ற கட்டுமானம் இருப்பதும் சான்றாகாது. அது விதி வருவதற்கு முன்பே இருந்திருக்கலாம். முன்னரே சட்டப்படி நடைபெற்று வந்த பயன்பாடு, பின்னர் விதி மாறினாலும் தொடரலாம். ஆனால் அச்சலுகை அந்த மனைக்கு மட்டுமே உரியது.

அனுமதி பெறும் முறை

முதலில் அணுக வேண்டியவர் நகராட்சியின் மண்டல அலுவலர். மனையின் நில அளவை வரைபடத்தில் புதிய கட்டுமானத்தை அளவுகளுடன் குறித்து விண்ணப்பிக்க வேண்டும். மண்டல அனுமதி வேறு, கட்டட அனுமதி வேறு. முன்னது, அவ்விடத்தில் அதைக் கட்டலாமா என்பதைப் பார்க்கிறது. பின்னது, அது பாதுகாப்பாகக் கட்டப்படுகிறதா என்பதைப் பார்க்கிறது. ஒன்றைப் பெற்றது மற்றொன்றைப் பெற்றதாகாது.

விண்ணப்பம் மறுக்கப்பட்டால் மூன்று வழிகள் உள்ளன. வரைபடத்தை விதிக்கேற்ப மாற்றலாம். அலுவலர் விதியைத் தவறாகப் பொருள்கொண்டார் எனக் கருதினால், 20 நாள்களுக்குள் ஸோனிங் போர்டு எனப்படும் மண்டல வாரியத்தில் மேல்முறையீடு செய்யலாம். அல்லது ‘வேரியன்ஸ்’ எனப்படும் விதிவிலக்கை வாரியத்திடம் கோரலாம்.

விதிவிலக்கு பெரும்பாலும் இரு வகைப்படும். எடுத்துக்காட்டாக, பின்புறத்தில் 30 அடி இடைவெளி வேண்டிய இடத்தில் 24 அடி மட்டுமே எஞ்சுமாயின், அது அளவு பற்றிய விதிவிலக்கு. ஒரு குடும்ப வீட்டை இரு குடும்ப வீடாக மாற்றுவது பயன்பாடு பற்றிய விதிவிலக்கு. இதற்கு வாரியத்தின் 5 உறுப்பினர்கள் ஆதரவாக வாக்களித்தாக வேண்டும். பெற்றோருக்கென இரண்டாவது சமையலறையும் தனி வாயிலும் அமைக்க விரும்பும் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுவே. குடும்பம் அதை ஓர் அறையாகவே கருதினாலும், விதிகளின்படி அது இரண்டாவது குடியிருப்பாகக் கொள்ளப்படலாம்.

‘பெற்றோர் வருகிறார்கள், இடம் போதவில்லை’ என்பது உண்மையான தேவையே. ஆயினும் வாரியத்தின் முன் அக்காரணம் மட்டும் போதாது. விதிவிலக்கு ஆளுக்கு அன்று, நிலத்துக்கே வழங்கப்படுகிறது. வீடு கைமாறிய பின்னரும் அது நிலைக்கும். எனவே மனை மிகக் குறுகலானது, வடிவம் ஒழுங்கற்றது, நிலம் சரிவானது என நிலத்தைச் சார்ந்த காரணங்களையோ, மாற்றத்தால் விளையும் நன்மை தீமையை விஞ்சும் என்பதையோ காட்ட வேண்டும். அண்டை வீடுகளுக்கும் ஊரின் மண்டலத் திட்டத்துக்கும் பெருந்தீங்கு நேராது என்பதையும் நிறுவ வேண்டும்.

அறிவிப்புக் கடிதம் வந்தால்

விதிவிலக்குக் கோருபவர், தம் மனையிலிருந்து 200 அடிக்குள் உள்ள சொத்துகளின் உரிமையாளர்களுக்கு, விசாரணைக்குக் குறைந்தது 10 நாள்கள் முன்னதாக அறிவிக்க வேண்டும். ‘செர்டிஃபைடு மெயில்’ வழியாக வரும் அக்கடிதத்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அது வழக்கு அன்று. அதில் விசாரணையின் நாள், நேரம், இடம், கோரப்படுவது என்ன, வரைபடங்களை எங்கே பார்க்கலாம் என்பன இருக்கும். அதைப் பிரிக்காமல் வைத்துவிட்டால், கருத்துக் கூறும் வாய்ப்பே கைநழுவும்.

வரைபடங்களை முன்னரே பார்த்துவிட்டு விசாரணைக்குச் செல்வது நலம். பாதிக்கப்படுவோர் சாட்சிகளிடம் கேள்வி கேட்கலாம். உறுதிமொழி ஏற்றுத் தம் கருத்தையும் கூறலாம். வாரியம் சான்றுகளின் அடிப்படையிலேயே முடிவெடுக்கும். எத்தனை பேர் கையெழுத்திட்டு எதிர்த்தனர் என்பது அளவுகோல் அன்று. உறுப்பினர்களைத் தனியே சந்தித்துப் பேசுவதும் முறையாகாது. மழைநீர் எங்கே வடியும், வாகனங்கள் எங்கே நிற்கும், வெளிச்சமும் ஓசையும் எவ்வளவு என்பவை பயனுள்ள கேள்விகள். அங்கே குடிவருபவர் யார் என்பது கேள்வியே அன்று.

குடியுரிமை பெறாதோர் பேசத் தயங்க வேண்டியதில்லை. சான் பிரான்சிஸ்கோவில் மரக் கட்டடங்களில் சலவைக்கூடம் நடத்த அனுமதி வேண்டும் என்ற விதி இருந்தது. சீனர்களுக்கு அது மறுக்கப்பட்டது, ஏனையோருக்கு வழங்கப்பட்டது. 1886 இல் இக் வோ வழக்கில் உச்ச நீதிமன்றம், எழுத்தில் நேர்மையாகத் தோன்றும் விதியையும் பாரபட்சமாகச் செயல்படுத்தக் கூடாது என்றும், அப்பாதுகாப்பு குடிமக்கள் அல்லாதோருக்கும் உரியது என்றும் தீர்ப்பளித்தது.

வாரியத்தின் முடிவு தீர்மானமாக எழுதப்பட்டு, பொது அறிவிப்பாக வெளியிடப்படும். அதை எதிர்க்க விரும்புவோர், வெளியான நாளிலிருந்து 45 நாள்களுக்குள் மாநில உயர் நீதிமன்றத்தை அணுக வேண்டும்.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

வீடோ கடையோ வாங்கும் முன், அல்லது குத்தகையில் கையெழுத்திடும் முன், மண்டல அலுவலகத்தில் பின்வருவனவற்றைக் கேட்டறிவது நன்று: மனை எந்த மண்டலத்தில் உள்ளது? கருதியுள்ள பயன்பாடு அங்கே அனுமதிக்கப்படுகிறதா? இப்போதுள்ள அடித்தளக் குடியிருப்பு, கூடுதல் அறை ஆகியவை அனுமதியுடன் கட்டப்பட்டவையா? விற்பவர் பெறாத அனுமதியின் சுமை வாங்குபவர் மீது விழும். குடியிருப்போர் சங்கம் உள்ள இடங்களில் அதன் விதிகள் தனியானவை. நகராட்சியின் அனுமதி அவற்றுக்கு ஈடாகாது. மொழி உதவி வேண்டுவோர், விசாரணை நாளுக்கு முன்கூட்டியே நகராட்சிச் செயலர் அலுவலகத்தில் அதைத் தெரிவிக்க வேண்டும்.